தம்பதியாக மிஷனரிப் பணிக்கு: டெல்டாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

மிஷனரி ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ஆயரிடம் தயங்கித் தயங்கி வந்து நிற்கும் தம்பதிகளை டெல்டாவின் பல சபைகளில் பார்க்கலாம். “ஐயரே, நாங்களும் போகலாம்னு இருக்கோம்” என்று ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் கணவர்தான் பேசுவார். மனைவி அரை அடி பின்னால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். ஆயர் சந்தோஷப்பட்டு, ஜெபம் செய்து, கர்த்தர் வழிநடத்துவார் என்று சொல்லி அனுப்புவார். அடுத்து என்ன செய்வது என்பது மட்டும் இருவருக்கும் தெரியாது.

அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். எங்கள் சேகரத்தின் மிஷனரி ஜெபக்குழுவில் கணக்கு எழுதுகிறவன் நான். போய் நிலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், பாதியில் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். திரும்பியவர்களில் பலரை மலையோ காய்ச்சலோ விரட்டவில்லை. ஊரில் முடிக்காமல் விட்டுப்போன விஷயம்தான் பின்னாலேயே போய் இழுத்துக்கொண்டு வந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி, ரயில் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான்.

இரண்டு பேருக்கும் அழைப்பு உண்டா

அழைப்பு கணவருக்கு, கூடப் போவது மனைவிக்கு என்று நம் பக்கத்தில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. முதலில் அதை விடுங்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரியைத் தெரியாத சபையார் இல்லை. அவர் மனைவி டாரதி, இந்தியாவுக்கு வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். 1793-இல் கப்பல் கிளம்பும் நேரத்தில் நெருக்கிக் கேட்ட பிறகு, தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று சம்மதித்தார். அடுத்த வருஷமே வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். டாரதியின் மனநிலை அதற்குப் பிறகு தேறவே இல்லை. 1807-இல் அந்த நிலையிலேயே அவரும் இறந்தார். டாரதிக்குப் பக்தி குறைவு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கேரி பின்னால் பணி செய்த வங்காளத்துச் செராம்பூரில் ஹன்னா மார்ஷ்மன் கணவரோடு சேர்ந்து பள்ளிக்கூடங்கள் நடத்தினார், அந்த வருமானம் மிஷன் செலவைத் தாங்கியது. மிஷனரிப் பிரசங்கங்களில் கேரியைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு இந்த இரண்டு பெண்களைப் பற்றி நாம் கேட்பதில்லை. தம்பதியாகப் போக நினைக்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. இருவரும் தனித்தனியே ஒரு நோட்டில் எழுதுங்கள்: ஏன் போக வேண்டும், எதை நினைத்தால் பயமாக இருக்கிறது, எது நடந்தால் திரும்பி வந்துவிடுவேன். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து மாற்றிப் படியுங்கள். பல மிஷனரி சங்கங்கள் விண்ணப்பத்தோடு கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியே சாட்சி எழுதி வாங்குகின்றன. நேர்முகத் தேர்விலும் “உங்களுக்கு என்னம்மா தோணுது?” என்று மனைவியைப் பார்த்துக் கேட்பார்கள். “அவங்களுக்கும் இதே பாரம்தாங்க” என்று கணவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒருவருக்கு ‘இப்போது வேண்டாம்’ என்று இருந்தால் காத்திருங்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர்களும் காத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. புது ஊர், புது பாஷை, புது வாழ்க்கைத்துணை மூன்றையும் ஒரே சமயத்தில் பழகுவது யாருக்கும் கஷ்டம்.

ஊரில் முடிக்க வேண்டியவை

கடனில் ஆரம்பிப்போம். கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடன், வங்கி நகைக்கடன் இவையெல்லாம் காகிதத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியும். பலரும் மறந்துபோவது மனைவியின் பெயரில் உள்ள குழுக் கடன். வாரத் தவணை வசூலிக்க ஆள் வரும் காலையில் பத்துப் பெண்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணம் கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் பங்கு போட்டுக் கட்டும்வரை யாரும் எழுந்து போக முடியாது. நீங்கள் ஊழியத்துக்குப் போய்விட்ட அடுத்த வாரம் அந்தத் திண்ணையில் உங்கள் பெயர் எப்படி அடிபடும் என்று நினைத்துப் பாருங்கள். முழுவதும் அடைத்து, அட்டையில் முடித்ததற்குக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் விண்ணப்பப் படிவத்தையே கேட்க வேண்டும். “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று கடனோடு போகிறவர்களுக்கு மாச உதவித்தொகை வட்டிக்கே பத்தாது.

அடுத்தது நிலம். சொந்த நிலமானால் அண்ணன் தம்பியிடம் விட்டுப் போகலாம், ஆனால் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வையுங்கள். கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ குத்தகைக்கு உழுகிற குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். குத்தகை உரிமை நேரில் சாகுபடி செய்கிறவருக்கு உரியது. பெயர் உங்களுடையதாக இருக்க, வேறொருவர் உழுதுகொண்டிருந்தால் பின்னால் சிக்கல் வரும். விவரம் தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்னொன்று, பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் தொடங்கும். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. குறுவைக்கு நாற்று விட்டுவிட்டு வகுப்புக்குப் போய் உட்கார்ந்தால் மனம் வயலில்தான் இருக்கும். அந்த வருஷம் குறுவையைத் தொடாதீர்கள். முந்தைய சம்பா அறுவடையோடு கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் விஷயம்தான் எல்லாவற்றையும்விடக் கடினமானது. நீங்கள் மூத்த மகனோ ஒரே மகளோ என்றால் ஊரே வந்து நியாயம் பேசும். கோபப்படாதீர்கள், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. யார் மருந்து வாங்கித் தருவது, யார் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, மாசம் எவ்வளவு அனுப்புவீர்கள் என்பதைச் சகோதரர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அனுப்ப முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவதும் ஒரு மரியாதைதான்.

இன்னொன்றையும் வாய்விட்டுப் பேச வேண்டும், யாருக்கும் பிடிக்காத பேச்சு அது. ஜார்க்கண்ட் மலையில் இருக்கிறவருக்குச் சாவுச் செய்தி போய்ச் சேர்ந்து, அவர் இறங்கி, பஸ் பிடித்து, ரயில் பிடித்து, சென்னையில் மாறி ஊருக்கு வர இரண்டு மூன்று நாளாவது ஆகும். முகம் பார்க்க முடியாமல் போகலாம். அப்பா அம்மாவிடமே இதைச் சொல்லுங்கள். “எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போப்பா” என்று அம்மாவே கேட்டுக்கொண்ட வீடு எனக்குத் தெரியும். அந்த மகன் இன்றுவரை பணித்தளத்தில் நிம்மதியாக இருக்கிறார். பேசாமல் போனவர்கள்தான், ராத்திரி போன் அடித்தாலே உடைந்துபோகிறார்கள்.

உள்ளூரில் ஒரு வருஷம்

தரங்கம்பாடி பக்கத்தில் இருந்துகொண்டு மிஷனரி வாழ்க்கை தெரியாது என்று நாம் சொல்ல முடியாது. ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்குவும் ப்ளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று அங்கேதான் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுத்து எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்து, இங்குள்ளவர்கள் எதை நம்புகிறார்கள் என்று முதலில் படித்தார். எட்டு வருஷத்தில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறத் தொடங்கியது. நடுவே டென்மார்க்குக் கோட்டைத் தளபதியோடு மோதி நாலு மாசம் சிறையிலும் இருந்தார். டேனிஷ் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் கடற்காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1718-இல் எழுந்த புது எருசலேம் ஆலயத்துக்குள்ளும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். சபையில் உங்களை ஏற்கெனவே எதற்காவது நம்பி விட்டிருக்கிறார்களா? ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, நோயாளிகள் சந்திப்பு, எதுவாக இருந்தாலும் சரி. அங்கே ஒரு வருஷம் விடாமல் செய்து பாருங்கள், இருவருமாக. பாட்டுப் பாடுவதும் மைக் பிடிப்பதும் கணக்கில் சேராது. உங்கள் சொந்தத்தில் இல்லாத, உங்கள் தெருவில் இல்லாத, உங்கள் சாதியில் இல்லாத ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகுகிறீர்களா என்று பாருங்கள். நம் பக்கத்தில் சபைக்குள்ளேயே இந்தக் கோடு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே தாண்ட முடியாதவர் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் போய்த் தாண்டிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பணித்தளத்தை ஒருமுறை நேரில் பார்க்கச் சங்கங்கள் ஏற்பாடு செய்து தரும். டிசம்பர், ஜனவரியில் போகாதீர்கள், அப்போது எந்த மலையும் அழகாகத்தான் இருக்கும். ஆகஸ்டில் போங்கள். ஓடையில் தண்ணீர் புரளும்போது, விறகு நனைந்திருக்கும்போது, மிஷனரி வீட்டு அம்மா எப்படிச் சமைக்கிறார் என்று மனைவி பார்க்க வேண்டும். கணவரும் அடுப்படியில் நின்று பார்க்க வேண்டும்.

எந்தச் சங்கத்தில் சேர்வது

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதில் நீண்ட மரபு உண்டு. திருநெல்வேலியில் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பியது. அதன் முதல் செயலாளர் வேதநாயகம் அசரியா, பின்னால் குடும்பத்தோடு அங்கேயே போய், தெலுங்கு கற்று, 1912-இல் பேராயரானார். 1905-இல் தேசிய மிஷனரி சங்கம் வந்தது. நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு ஊர் ஊராக இருக்கும் சிறு ஜெபக்குழுக்களின் தாங்குதலில் வளர்ந்தது. 1965-இல் தொடங்கிய இந்திய சுவிசேஷ மிஷன் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. பீகாரில் ஜெம்ஸ் என்ற மிஷனரி சங்கம் இருக்கிறது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையையோ தென்னிந்தியத் திருச்சபையின் திருச்சி-தஞ்சைத் திருமண்டலத்தையோ சேர்ந்தவர்கள், முதலில் உங்கள் ஆயர் வழியாகப் பேசுங்கள். சபையின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நல்ல சங்கம் எதுவும் சேர்த்துக்கொள்ளாது. கத்தோலிக்கர்களுக்கு வழி வேறு. கும்பகோணம், தஞ்சை மறைமாவட்டங்களில் பங்குத்தந்தையிடம் உபதேசியார் பணி, பொதுநிலையினர் பணி பற்றிக் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.

பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சங்க அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் சில: உதவித்தொகையைச் சங்கமே தருமா, நாங்களே ஆதரவாளர்களைத் தேட வேண்டுமா? வருங்கால வைப்பு நிதி உண்டா? பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யார் பொறுப்பு? மிஷனரி இறந்துபோனால் மனைவி பிள்ளைகளுக்கு என்ன? மனைவியும் மிஷனரியாகக் கணக்கில் சேர்கிறாரா, அவர் பெயரில் தொகை வருமா? வருஷக் கணக்கைத் தணிக்கை செய்து வெளியிடுகிறார்களா? வெளிநாட்டுப் பணம் வாங்கினால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காக ‘விசுவாசம் குறைவு’ என்று சொல்கிற இடம் உங்களுக்கான இடம் இல்லை. அப்புறம், அந்தச் சங்கத்தை விட்டு வெளியே வந்த ஒரு குடும்பத்தையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர்கள் சொல்வதை எல்லாம் நம்ப வேண்டாம், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் என்ன நடக்கும்

இரண்டு வகை. ஒன்று, சங்கமே தன் மிஷனரிகளுக்கு நடத்தும் சில மாசப் பயிற்சி. வேதபாடம், வேற்றுப் பண்பாட்டில் வாழ்வது, பாஷை கற்கும் முறை, முதலுதவி, கணக்கு எழுதுவது எல்லாம் இருக்கும். கழிப்பறை கழுவுவதும் இருக்கும், அதையும் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முறையான இறையியல் படிப்பு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்துக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி போன்றவை செராம்பூர்ப் பல்கலைக்கழகம் தரும் இறையியல் பட்டத்துக்குப் படிக்க வைக்கின்றன. (செராம்பூரும் தரங்கம்பாடியும் ஒரே டேனிஷ் அரசின் கீழ் இருந்து, 1845-இல் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டவை.) ஆயராக வேண்டும் என்றால் பட்டம் தேவை. கிராமத்தில் மக்களோடு வாழ்வதுதான் நோக்கம் என்றால் முதல் வகையே போதும். பட்டப்படிப்பை நாலைந்து வருஷம் அனுபவத்துக்குப் பிறகு படித்தால் இன்னும் நன்றாக மண்டையில் ஏறும்.

சேர்வதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: மனைவிக்கும் அதே வகுப்புகள் உண்டா? குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? இல்லையென்றால் கணவர் வகுப்பில் இருப்பார், மனைவி விடுதி அறையில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பார். பணித்தளத்தில் பெண்களோடு உட்கார்ந்து பேசப்போவது அவர்தான், அவருக்கு வகுப்பு தவறக் கூடாது.

பாஷை விஷயத்தில் பொறுமை வேண்டும். வடக்கே போனால் முதலில் இந்தி, பிறகு அங்குள்ள மக்களின் பாஷை என்று இரண்டு படிக்க நேரும். கூடத்தில் தேவநாகரி எழுத்து அட்டையை இப்போதே மாட்டிவிடுங்கள். மால்டோ, குடுக், கோண்டி ஆகியவை திராவிட மொழிகள் என்பதால் இலக்கணத்தின் போக்கு தமிழருக்குச் சீக்கிரம் பிடிபடும். முதல் வருஷத்தில் பிரசங்கம் செய்ய ஆசைப்படாதீர்கள். சந்தையில் விலை கேட்கவும், துக்க வீட்டில் நாலு வார்த்தை பேசவும் வந்தால் போதும்.

சட்டம்

தமிழ்நாட்டில் 2002-இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே கைவிடப்பட்டது. அதனால் நமக்கு இந்த வகைச் சட்டங்களோடு பழக்கமே இல்லை. ஒடிசாவில் 1967-லிருந்தே உண்டு. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், குஜராத், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் என்று பல மாநிலங்களில் உண்டு, அடிக்கடி திருத்தவும் செய்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போகிற மாநிலத்தின் சட்டத்தை இந்தியிலோ ஆங்கிலத்திலோ முழுவதும் படியுங்கள். பல மாநிலங்களில் மாவட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே அறிவிக்காமல் ஞானஸ்நானம் கொடுத்தால் வழக்கு வரும். அருணாச்சலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போகிறவர்களுக்கு உள்நுழைவு அனுமதி வேண்டும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மருந்து கொடுத்து, பள்ளிக்கூடம் காட்டி, அதற்குப் பதிலாக ஒருவரை ஆலயத்துக்கு வரச் சொல்வது அசிங்கம். மருந்து மருந்துக்காகவே இருக்கட்டும். யாருடைய சாமியையும் இழிவாகப் பேசாதீர்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் சிக்கல் முருகன் கோயிலுக்கும் ஒரே பஸ்ஸில் போய் வளர்ந்த நமக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்ன? இன்னொரு முக்கியமான விஷயம், ஞானஸ்நானப் படங்களை வாட்ஸ்அப்பில் ஊர்க் குழுவுக்கு அனுப்பாதீர்கள். இங்கே அல்லேலூயா போட்டுவிட்டு நாம் மறந்துவிடுவோம். அங்கே அந்தப் படத்தில் இருப்பவர் வீட்டுக்கு ஆள் போகும்.

உடம்பும் பிள்ளைகளும்

ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளில் மலேரியா கடுமையானது. ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச், பாக்கூர் பக்கம் மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் காய்ச்சலும் உண்டு. காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும், ‘ஜெபித்துப் பார்ப்போம்’ என்று இரண்டு நாள் கடத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் ஆபத்து. மகப்பேறு எங்கே என்பதை ஏழாம் மாசத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பல் வேலை, கண்ணாடி, தைராய்டு பரிசோதனை எல்லாம் ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் சின்ன வயதில் எங்கேயும் பொருந்திக்கொள்வார்கள், அந்த ஊர்ப் பாஷையை உங்களுக்கு முன்னால் பேசுவார்கள். பள்ளிப் பருவத்தில்தான் சிக்கல். டோனாவூர் சந்தோஷ வித்யாலயாபோல மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் உண்டு, ஆனால் விடுதியில் விட வேண்டும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் பார்க்க முடியும். இதை உங்களால் தாங்க முடியுமா என்று இப்போதே பேசுங்கள். முடியாது என்றால், பக்கத்தில் நல்ல பள்ளி உள்ள பணித்தளம் வேண்டும் என்று சங்கத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்டால் தருகிற சங்கங்கள் உண்டு.

கிளம்பும் மாசம்

இருவர் பெயரிலும் கூட்டு வங்கிக் கணக்கு, அதை எந்த ஊரிலும் இயக்கும் வசதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல். ஒரு செட் ஊரில் நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும். ஜெபக்குழுவுக்கு மாசம் ஒரு கடிதம் எழுதுவதாக ஒப்புக்கொள்ளுங்கள். நல்ல செய்தி இல்லாத மாசத்திலும் எழுதுங்கள், அந்த மாசம்தான் எங்களுக்கு உங்கள் கடிதம் அதிகம் தேவைப்படும்.

அனுப்புதல் ஆராதனையில் எல்லாரும் அன்பாக ஏதாவது கொடுப்பார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியிடம் என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: மருந்து தோய்த்த கொசுவலை இரண்டு, ஐந்து லிட்டர் குக்கர், ரீசார்ஜ் டார்ச், நல்ல ரப்பர் செருப்பு. சொல்லாமல் விட்டால் வசனம் எழுதிய சுவர்க்கடிகாரமாகவே வந்து குவியும், ரயிலில் அதை எங்கே வைப்பீர்கள்?